ரேகாபியர் வீட்டுப் பிள்ளைகள்



 

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின்போது விசுவாசிகள் எழுதிக் கொடுக்கும் ஜெபக்குறிப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்து வாசித்து ஜெபிப்பது எங்கள் சபையின் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் துண்டுக் காகிதங்களில் வேலை, வாடகை வீடு, கடன், வியாதி ஆகியவையே நிறைந்திருந்தன. ஊரைவிட்டுப் பட்டணத்திற்கு வந்து, ஒரு தகரப் பெட்டியோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்களின் விண்ணப்பங்கள் அவை. கர்த்தர் அவற்றுக்குப் பதில் கொடுத்தார். இன்று வருகிற குறிப்புகளோ வேறு விதமானவை. "பையன் ஆராதனைக்கு வர மறுக்கிறான்", "மகள் வேதம் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்", "பிள்ளை எங்கள் பேச்சைக் கேட்பதில்லை, ஜெபியுங்கள் பாஸ்டர்". எழுதினவருடைய பெயர் இல்லாமல் வருகிற குறிப்புகளில் பெரும்பாலானவை இவைதான். வெட்கத்தினால் பெயரை எழுதுவதில்லை என்பதை நான் அறிவேன்.

இந்தப் பெற்றோர் பிள்ளைகளுக்குப் போதிக்காமல் விட்டவர்கள் அல்லர். ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பினார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பணம் கட்டினார்கள். மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கச் செய்தார்கள். அப்படியிருந்தும் எங்கே குறைவுபட்டது? இந்தக் கேள்வியோடு வேதத்தைத் திறந்தபோது, பட்டணத்திற்குப் பிழைக்க வந்த நமக்கென்றே எழுதப்பட்டதுபோன்ற ஓர் அதிகாரம் என் கண்ணில் பட்டது. அது எரேமியா 35-ஆம் அதிகாரம்.

பட்டணத்திற்கு வந்த கூடாரவாசிகள்

யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீமின் நாட்கள் அவை. நேபுகாத்நேச்சாரின் சேனைக்குத் தப்பி, ரேகாபியர் என்னும் கூட்டத்தார் எருசலேமுக்குள் குடிவந்திருந்தார்கள். அவர்கள் பட்டணத்து மக்கள் அல்லர். கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். வீடு கட்டுவதில்லை, விதை விதைப்பதில்லை, திராட்சத்தோட்டம் நாட்டுவதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை. இவை அவர்களுடைய தகப்பனாகிய யோனதாப் கொடுத்த கட்டளைகள்.

கர்த்தர் எரேமியாவிடம் ஒரு விநோதமான காரியத்தைச் சொன்னார். அந்தக் குடும்பத்தார் எல்லாரையும் ஆலயத்தின் அறை ஒன்றுக்கு அழைத்து வந்து, திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் அவர்களுக்கு முன் வைத்து, குடிக்கச் சொல்லும்படி கட்டளையிட்டார். கவனியுங்கள். அழைக்கிறவர் தீர்க்கதரிசி. இடம் தேவனுடைய ஆலயம். கண்காணிக்கத் தகப்பன் அங்கே இல்லை. குடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் குடிக்கவில்லை. தாங்களும், தங்கள் மனைவிகளும், குமாரரும், குமாரத்திகளும் யோனதாபின் சொல்லைக் காத்து வருவதாகப் பதில் சொன்னார்கள்.

இந்த யோனதாப் யார்? 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தில் யெகூவின் இரதத்தில் ஏறிப் போனவராக அவரைக் காண்கிறோம். யெகூ அரசனானது ஏறக்குறைய கி.மு. 841-இல். யோயாக்கீம் ஆண்டதோ கி.மு. 609 முதல் 598 வரை. அப்படியானால், 230 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தகப்பனுடைய வார்த்தை தலைமுறை தலைமுறையாய்க் கடந்து வந்திருக்கிறது! நாமோ நம்முடைய வார்த்தை நம் வீட்டு வாசற்படியைக் கடக்குமா என்று கலங்கிக்கொண்டிருக்கிறோம்.

நாம் எல்லாரும் கூடாரத்தில் வாழவேண்டும் என்பது இந்த அதிகாரத்தின் போதனை அல்ல. கூடாரத்தைக் கர்த்தர் புகழவில்லை. மனுஷனாகிய தகப்பனுக்கு இவர்கள் இப்படிக் கீழ்ப்படிகிறார்களே, நானோ தீர்க்கதரிசிகளை ஓயாமல் அனுப்பியும் என் ஜனம் எனக்குச் செவிகொடுக்கவில்லையே என்பதே அவருடைய துக்கம்.

ஆனால் அந்தக் கட்டளை இவ்வளவு தூரம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சற்று சிந்தியுங்கள். கூடாரத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூடாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியமில்லை. தகப்பன் முளை அடிப்பதை அது பார்க்கும். தாய் கயிற்றை இழுத்துக் கட்டுவதைப் பார்க்கும். நாளடைவில் ஒரு முளையைத் தானும் தூக்கிக்கொண்டு வரும். வீடு கட்டாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத் தான் மாளிகை கட்டிய தகப்பன் அந்த வம்சத்தில் இருந்திருந்தால், சங்கிலி அங்கேயே அறுந்துபோயிருக்கும்.

ஒற்றை அறையின் பாடம்

பட்டணத்தில் நம்மில் அநேகருடைய வீடு ஓர் அறைதான். மும்பையின் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நான் ஜெபிக்கச் செல்லும் வீடுகளில், சமையலும் படுக்கையும் பாடப்புத்தகமும் ஒரே நான்கு சுவர்களுக்குள் இருக்கின்றன. இடமில்லையே என்று நாம் வருந்துகிறோம். ஆனால் ஒரு காரியத்தை மறந்துவிடுகிறோம். இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் கண்ணுக்கு மறைவான மூலை எதுவும் இல்லை. தாயும் தகப்பனும் மெல்லிய குரலில் பேசுகிற கடன் பேச்சும், விளக்கை அணைத்த பிறகு நடக்கிற வாக்குவாதமும், தூங்குவதுபோல் கண்மூடிக் கிடக்கிற பிள்ளையின் காதில் விழுகின்றன. பெரிய வீடு கிடைத்தவர்களும் தப்பிவிட்டதாக எண்ணவேண்டாம். பிள்ளைகளின் செவி சுவரைத் துளைத்துச் செல்லும்.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் மோசே நான்கு சமயங்களைக் குறிப்பிடுகிறார். வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இவற்றில் ஒன்றும் ஆலயத்தில் இருக்கிற சமயம் அல்ல என்பதைக் கவனித்தீர்களா? அதற்கும் முன்னே, 6-ஆம் வசனத்தில், இந்த வார்த்தைகள் முதலாவது பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும் என்கிறார். முதலில் இருதயம், பிறகு வாய், அதன் பிறகே பிள்ளையின் செவி. இந்த ஒழுங்கை மாற்றினால் போதனை வெறும் சத்தமாகிவிடும்.

"வழியில் நடக்கும்போது" என்பதற்கு ஒரு சகோதரன் சொன்ன சாட்சியைச் சொல்லுகிறேன். இன்று அவர் நாற்பது வயதைக் கடந்தவர். 1988-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அவருக்கு ஆறு வயதாயிருந்தபோது, குடும்பமாய்த் தாதர் நிலையத்தில் மதராஸ் ரயில் ஏறினார்கள். வண்டி நகருமுன் தகப்பனார் எல்லாரையும் தலைகுனியச் சொல்லி, பிரயாணத்தைக் காத்தருளும்படி உருக்கமாய் ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு மகனைப் பக்கத்தில் இழுத்து, "டிக்கெட் பரிசோதகர் வயது கேட்டால் நாலு என்று சொல்" என்றார். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குப் பயணச்சீட்டு வேண்டியதில்லை என்பது ரயில்வே விதி. அரை டிக்கெட்டின் பணம் மிச்சமாயிற்று.

"பாஸ்டர், அப்பா அன்று என்ன ஜெபித்தார் என்பது எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. நாலு என்று நான் சொன்னது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது. ஜெபம் ஒன்று, வாழ்க்கை வேறொன்று என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்" என்றார் அவர். பதினெட்டு வயதில் சபையைவிட்டுப் போனவர், திரும்பி வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அந்தத் தகப்பனாரை நான் குற்றப்படுத்தமாட்டேன். வருமானம் குறைவு, வாய் நான்கு. ஆனால் அவர் மிச்சப்படுத்தியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்போது என் இருதயம் நடுங்குகிறது. கடன்காரர் கதவைத் தட்டும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை அனுப்புகிற நாம் எத்தனை பேர்?

ஏலியின் தட்டில் இருந்த இறைச்சி

ஏலி தன் குமாரரைக் கண்டிக்கவே இல்லை என்று நாம் பிரசங்கங்களில் சொல்வதுண்டு. 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசித்தால், அவர் கண்டித்துப் பேசினார் என்று காண்கிறோம். ஜனங்கள் சொல்வதைக் கேட்டு, இது நல்லதல்ல என்று எச்சரித்தார். பின்பு ஏன் அந்தச் சொல் ஏறவில்லை? 29-ஆம் வசனத்தில் விடை இருக்கிறது. ஜனங்களின் காணிக்கைகளில் சிறந்தவற்றால் குமாரர் மாத்திரமல்ல, தகப்பனும் சேர்ந்தே கொழுத்தார் என்று தேவமனுஷன் குற்றஞ்சாட்டுகிறான். குமாரர் பலாத்காரமாய் எடுத்த இறைச்சி தகப்பனின் தட்டிலும் இருந்தது. வாய் கண்டித்தது, அதே வாய் அதைத் தின்றது. பிள்ளைகள் எதற்குச் செவிகொடுப்பார்கள்?

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் இவ்விடத்தில் நம்மை ஆராய்ந்து பார்க்கவேண்டும். ஆவியானவரின் நிறைவை நாம் வாஞ்சிக்கிறோம்; அந்நியபாஷையில் தேவனை மகிமைப்படுத்துகிறோம். அது பரலோகத்தின் ஈவு. அதைக்குறித்து நான் வெட்கப்படுகிறதில்லை. ஆனால் ஞாயிறு காலை அந்நியபாஷை பேசின நாவு, திங்கள் காலை மனைவியை நோக்கிப் பேசுகிற பாஷையும் பிள்ளைக்குத் தெரியும். ஒரே வாயிலிருந்து ஆசீர்வாதமும் சாபமும் புறப்படலாகாது என்று யாக்கோபு எழுதியது வெளியார்க்கு அல்ல, சபைக்குத்தான். ஆராதனை முடிந்து பேருந்தில் திரும்பும்போது ஊழியரையும் சக விசுவாசிகளையும் குறைகூறிக்கொண்டே வந்துவிட்டு, பிள்ளை சபையை மதிப்பதில்லை என்று ஜெபக்குறிப்பு எழுதுவதில் பயனில்லை.

என் வீட்டில் நடந்தது

மற்றவர்களைக் குறித்து எழுதிவிட்டு என் வீட்டை மறைத்தால் நானும் ஏலியாவேன். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படித்த ஆண்டு அது. ஓர் இரவு விசுவாசி ஒருவரின் வீட்டிற்குச் சென்று, மனம் சோர்ந்திருந்த அவர்களுடைய மகனோடு ஒரு மணி நேரத்திற்கு மேல் பொறுமையாய்ப் பேசி ஜெபித்துவிட்டு வந்தேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், என் மகன் பள்ளியில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்தான். "வந்ததும் வராததுமாக ஆரம்பிக்காதே" என்று சீறினேன். அவன் சிறிது நேரம் நின்றான். பிறகு, "நான் சபை விசுவாசி வீட்டில் பிறந்திருக்கலாம், அப்பா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

என் மனைவி ஒன்றும் பேசாமல் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்று நாட்கள் எனக்குள்ளே வழக்காடினேன். தகப்பன் மகனிடத்தில் மன்னிப்புக் கேட்பதா? மரியாதை என்னவாகும்? வேதாகமக் கல்லூரியில் நான் எத்தனையோ பாடங்கள் படித்தேன். இதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. நான்காம் நாள் குடும்ப ஜெபத்தில், எபேசியர் 6:4-ஐ வாசித்து, பிள்ளைகளைக் கோபப்படுத்தவேண்டாம் என்று பவுல் பிதாக்களுக்குச் சொல்வதை நான் மீறினேன் என்று அறிக்கையிட்டு, அவன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஆனால் சில மாதங்களுக்குப் பின், தங்கையை அடித்துவிட்ட அவன், ஒருவரும் சொல்லாமலே அவளிடம் போய், "நான் செய்தது தப்பு" என்றான். அதை எங்கே கற்றான் என்று நான் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, பிள்ளைகளுக்குப் பிழையே செய்யாத பெற்றோர் தேவை என்றால் நம்மில் ஒருவரும் தகுதியானவர் அல்லர். பிழை செய்தபோது தேவனுக்கு முன்பாக முழங்காற்படியிடுகிற பெற்றோரே அவர்களுக்குத் தேவை. மனந்திரும்புதல் என்பதன் பொருளை நூறு பிரசங்கங்களைவிட ஒரு தகப்பனின் அறிக்கை தெளிவாய்க் காட்டும்.

பாஷை மறந்த பிள்ளைகள்

இன்னொரு பாரமும் நமக்கு உண்டு. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழிகளில் முதன்முதல் அச்சான புதிய ஏற்பாடு நம்முடையதே. ஆனால் பட்டணத்தில் பிறந்த நம் பிள்ளைகளில் அநேகர் அந்த வேதத்தை எழுத்துக் கூட்டியும் வாசிக்க இயலாதவர்கள். நெகேமியாவின் நாளிலும், பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத் பாஷையைப் பேசினார்கள், யூதபாஷை அறியாதிருந்தார்கள் என்று 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

ஆகவே நாள்தோறும் பத்து நிமிடம் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். ஆனால் அதற்காகப் பிள்ளையின் பசியை நிறுத்தி வைக்காதிருங்கள். அவர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ அவர்கள் வாசிக்கட்டும். அதே பகுதியை நீங்கள் தமிழில் வாசியுங்கள். தீமோத்தேயுவை நினைத்துப் பாருங்கள். தகப்பன் கிரேக்கன், வளர்ந்த இடம் எருசலேமுக்குத் தொலைவான லீஸ்திரா பகுதி. அவனும் இரண்டு கலாச்சாரங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைதான். ஆயினும் பாட்டி லோவிசாளிடத்தில் முதலாவது குடிகொண்டிருந்த மாயமற்ற விசுவாசம், தாய் ஐனிக்கேயாளின் வழியாய் அவனிடத்திலும் வந்து குடிகொண்டது. வேஷமில்லாத விசுவாசத்திற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஊரிலிருந்து வந்து தங்குகிற பாட்டி, பேரப்பிள்ளையின் ஆங்கிலத்தை அறியாதவளாயிருந்தும், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அவன் பெயரைச் சொல்லி அழுது ஜெபிப்பதை அவன் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறான். அது போதும்.

இந்த மாதம் செய்யத்தக்கவை

முதலாவது, குடும்ப ஜெபம். ஷிப்டு வேலையும் ரயில் நெரிசலும் எனக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாயிருக்கிற நேரம் பத்து நிமிடமானாலும் அதைக் கர்த்தருக்குக் கொடுங்கள். மோரியா மலைக்கு நடந்து போகையில், கட்டையும் நெருப்பும் இருக்கக் கண்ட ஈசாக்கு, ஆட்டுக்குட்டி எங்கே என்று தகப்பனைக் கேட்டான். தகப்பன் பலியிடுவதை அதற்கு முன் பார்த்துப் பழகின பிள்ளைக்கே எது குறைகிறது என்று தெரியும்.

இரண்டாவது, உங்கள் வீட்டின் கற்களைக் காட்டுங்கள். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டினது, இவை என்ன என்று நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதற்காகவே. நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி, முதல் வாடகை ரசீது, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை எடுத்து வைத்து, கர்த்தர் நடத்தின விதத்தைச் சொல்லுங்கள். சபையில் சொல்லுகிற சாட்சியைப் பிள்ளை முதலில் வீட்டில் கேட்கட்டும்.

மூன்றாவது, பணத்தில் உண்மையாயிருங்கள். தசமபாகத்தைப் பிரித்து வைப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். கடைக்காரர் தவறுதலாய் அதிகம் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க அவனையே அனுப்புங்கள். ஊரிலிருக்கிற வயதான பெற்றோருக்கு மாதந்தோறும் நீங்கள் அனுப்புகிற பணமும் ஒரு பிரசங்கமே.

கடைசியாக, இதை வாசித்துக் கண்ணீர்விடுகிற சில பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உண்மையாய் ஜீவித்தும் உங்கள் பிள்ளை தூரம் போயிருக்கலாம். பக்தியுள்ள எசேக்கியாவுக்கு மனாசே பிறந்தான். பொல்லாத ஆமோனுக்கு யோசியா பிறந்தான். இரட்சிப்பு கர்த்தருடையது, அது நம் கையின் வேலை அல்ல. உங்கள்மேல் நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதிருங்கள். கூடாரத்தை மடக்கிவிடாமல், விளக்கை எரியவிட்டுக் காத்திருங்கள். தாதரில் ரயில் ஏறின அந்தச் சகோதரன் ஏன் திரும்பி வந்தார் தெரியுமா? அவருடைய தகப்பனார் முதிர்வயதில் அவரைத் தேடிச் சென்று, "அன்று உன்னைப் பொய் சொல்ல வைத்தேன், மகனே" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். காலம் தாழ்த்தியும் கிருபை கிரியை செய்தது.

யோனதாபின் சந்ததியில் தமக்கு முன்பாக நிற்கிற ஒருவன் எக்காலத்திலும் இல்லாமற்போவதில்லை என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். பெயரும் ஊரும் அறியப்படாத இப்பட்டணத்தில் நமக்கும் அந்த வாக்குத்தத்தத்தின் ஆசீர்வாதம் வேண்டும்.

ஜெபிப்போம். அன்பின் பரம தகப்பனே, எங்கள் பிள்ளைகளின் கண்களுக்கு முன்பாக உண்மையாய் நடக்க எங்களுக்கு உமது ஆவியைத் தாரும். நாங்கள் இடறலாயிருந்த காரியங்களை மன்னியும். அவர்களிடத்தில் மன்னிப்புக் கேட்கத் தாழ்மையைத் தாரும். தூரம் போனவர்களைத் திரும்பக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சித்தமானால் அடுத்த இதழில் மீண்டும் தியானிப்போம். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.